காத்து சும்மா வராது அம்மிணி! டர்போ, சூப்பர்சார்ஜர், ஒரு கோத்தகிரி டிரான்ஸ்ஃபர்

டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் கோத்தகிரி என்று பார்த்ததும் மொத்த பிராஞ்சும் வாழ்த்தியது. "ஏ.சி-யே தேவைப்படாத ஊர் மேடம், கொடுத்துவெச்சவங்க நீங்க" என்றார் கேஷியர். நான் அங்கே குடிபோகப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. மாமியாருக்கு ஆஸ்துமா, குளிர் ஆகாது. மகன் ப்ளஸ் டூ. அதனால் வீடு காரமடையில், வேலை கோத்தகிரியில். ஒரு பக்கத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் முழுக்க மலைதான்.

பஸ் இருக்கிறது. காலையில் அதிலேயே போய்விடலாம். சாயந்திரம் கணக்கை முடித்து, பூட்டிவிட்டு வெளியே வர எத்தனை மணி ஆகும் என்பதை வங்கியில் வேலை பார்க்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே கார்.

எங்களிடம் இருந்தது பதினொரு வயதான ஒரு சின்ன டீசல் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம். மைலேஜில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகன் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து வீட்டில் ஒருவராக இருந்த வண்டி. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சமதளத்தில் அது தெரியாது, மலையில்தான் தெரியும்.

முதல் வாரத்திலேயே காட்டிவிட்டது. குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவு. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. ஆனால், இறங்கி வருகிற பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது யாரிடம் விதி பேசுவது? நின்றேன். பஸ் போனது. ஃபர்ஸ்ட் கியரில் எடுத்து, செகண்டுக்கு மாற்றி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கார் அப்படியே சொணங்கி நின்றது. பின்னால், காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த டெம்போ பம்பரை ஒட்டி வந்து ஹாரன் அடிக்கிறது. ஒன்று... இரண்டு... அப்புறம் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி கார் பாய்ந்தது, வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்த்து. வெளிப்பக்கத்தில் இடுப்பு உயரச் சுவர், அதற்கப்பால் மரங்களின் தலைகள்.

ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டேன். ஆனால் கை நடுக்கம் கோத்தகிரி வரை போகவில்லை. காலை அழுத்தியது நான். எப்போது கிளம்புவது என்று முடிவு செய்தது கார். தினமும் இரண்டு வேளை ஓட்ட வேண்டிய ரோட்டில் இந்த ஏற்பாடு சரிப்பட்டு வராது.

கணபதியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடம் காரைக் கொண்டுபோய்விட்டேன். அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒரு கோளாறும் இல்ல கண்ணு. இது டர்போ லேக். இந்த வண்டி பொறந்ததுல இருந்தே இப்படித்தான். ரெண்டாயிரம் ஆர்.பி.எம்முக்குக் கீழ தூங்கும், மேல போனா முழிச்சுக்கும்" என்றார்.

"அப்ப தூங்காத வண்டியே கிடையாதா?"

அண்ணன் ஷெட்டின் மூலையைக் காட்டினார். வெள்ளி நிறத்தில் ஒரு பழைய பென்ஸ் நின்றது. பின்பக்கம் சி 200 என்றும், பக்கத்தில் 'கொம்ப்ரெஸர்' என்றும் எழுதியிருந்தது.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திருச்செங்கோட்டுக்காரி. அப்பா முப்பது வருடம் ரிக் வண்டி மெக்கானிக். போர் போடுகிற அந்த லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெரிய டீசல் இன்ஜின், கம்ப்ரசரைச் சுற்றும். அந்தக் காற்றுதான் குழிக்குள் போய்ச் சுத்தியலை இயக்கி, பாறைத்தூளையும் தண்ணீரையும் மேலே பீய்ச்சுகிறது. எங்கள் வீட்டில் தினமும் காதில் விழுந்த சொல் கம்ப்ரசர். அதற்கும் பென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தமே இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் சூப்பர்சார்ஜரை அப்படித்தான் அழைக்கிறார்கள். ரிக் வண்டியில் இன்ஜின் சுற்றுகிற கம்ப்ரசர் பூமிக்குள் காற்றைத் தள்ளுகிறது. இந்த பென்ஸில் இன்ஜின் சுற்றுகிற கம்ப்ரசர் அதே இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிறது.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இன்ஜினுக்கு வேண்டியது பெட்ரோல் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதைவிட அதிகமாக அது கேட்பது காற்றை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக உள்ளே அனுப்புவது சுலபம், பம்ப் இருக்கிறது. காற்று? சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தன்னால் உறிஞ்ச முடிந்ததைத்தான் உறிஞ்சும். அதற்கு மேல் திணித்தால், அதே சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் போல வேலை செய்யும். திணிப்பது எப்படி என்பதில்தான் இந்த இரண்டு கருவிகளும் பிரிகின்றன.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் கேட்டேன். எழுபத்து நான்கு வயதிலும் இன்ஜின் என்றால் குரல் நிமிர்ந்துவிடும். "ஆசாரி பட்டறையில துருத்தி பாத்திருக்கயல்லோ? ஒரு ஆளு உக்காந்து ஊதுனாத்தான் காத்து. ஊதுறவனுக்குச் சோறு போடோணும். அது சூப்பர்சார்ஜர். அதே பட்டறையில மேல போற பொகைய வெச்சு ஒரு காத்தாடியச் சுத்தவுட்டு, அந்தக் காத்தாடியில துருத்தியக் கட்டிவுட்டயின்னு வையி, அது டர்போ. ஆளு வேண்டாம், சோறு வேண்டாம். ஆனா நெருப்பு நல்லா எரிஞ்சு பொகை கெளம்புற வரைக்கும் துருத்தி ஊதாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காத்து சும்மா வராது அம்மிணி. ஒண்ணு எண்ணெய் குடுத்து வாங்கோணும், இல்லாட்டி கொஞ்சம் பொறுத்து வாங்கோணும்."

இதைவிடத் தெளிவாக எந்த யூடியூப் வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

சூப்பர்சார்ஜர் ஒரு பெல்ட் வழியாக இன்ஜினோடு கட்டப்பட்டது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதனால் காத்திருப்பே இல்லை. ஆனால் அதைச் சுற்ற இன்ஜின் தன் பலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தாக வேண்டும். டர்போ அப்படியில்லை. பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாக சைலன்ஸர் வழியே வீணாகிறது. அந்தப் புகை போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் காற்றைத் தள்ளும் இன்னொரு சக்கரம். சின்ன கார்களில் இவை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுகூடப் போகும். வீணாகப் போனதிலிருந்து வரவு, ஆனால் புகை சேர வேண்டும். மெதுவாகப் போகும்போது புகை குறைவு, சக்கரம் சோம்பல். நாம் அழுத்தியதும் புகை கூடி, சக்கரம் வேகம் பிடித்து, காற்று வந்து சேர்வதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும். அந்தக் கணத்தில்தான் குஞ்சப்பனை வளைவில் நான் நின்றேன்.

வரலாற்றில் துருத்திதான் மூத்தது. அதுவும் சும்மா உவமைக்கு இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் பதிவு செய்த காற்றுத்தள்ளி, உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. பிற்பாடு கார் இன்ஜினில் ஏறியது அதன் வாரிசுதான். மெர்சிடிஸ் 1921-ல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டியது. டர்போவுக்கு ஆல்ஃப்ரெட் பூஹி என்ற சுவிஸ் இன்ஜினீயர் 1905-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் காரில் அது ஏற 1962 ஆகிவிட்டது. அந்த வருடம் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில், இன்ஜின் 'நாக்' அடிக்காமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஒரு டப்பாவில் ஊற்றிவர வேண்டும். தீர்ந்துவிட்டால் டர்போ அடக்கி வாசிக்கும். ஊற்ற மறந்தவர்கள் ஏராளம். கடைசியில் பலபேர் வண்டியிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள். இங்கே வைப்பர் தண்ணீர் ஊற்றவே நாம் மறப்போம்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் போன் செய்தார். பென்ஸ் சர்வீஸ் முடிந்துவிட்டது. ஓனர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஓட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். "வந்துரு கண்ணு, ஒரு ரவுண்டு போலாம்."

அவிநாசி ரோட்டில் காலை ஆறரை மணிக்கு ஓட்டினேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சூப்பர்சார்ஜர் என்றதும் சினிமாவில் வருவது போல ஏதோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினேன், போனது. கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், நிறைய அழுத்தினால் நிறைய. மெல்லிய சிணுங்கல் ஒன்று மிக்ஸி பக்கத்து வீட்டில் ஓடுவது போல. மேம்பால ஏற்றத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து மறுபடி அழுத்திப் பார்த்தேன். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் யாருமே இல்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகுதான், அந்த 'ஒன்றும் நடக்காத'துதான் எனக்கு வேண்டியது என்று புரிந்தது.

"இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் ஏன் எந்த வண்டியிலும் வர்றதில்ல?"

அண்ணன் பதிலாக இன்னொரு காரின் சாவியைத் தந்தார். அதே சி 200 தான். ஆனால் பின்னால் 'சி.ஜி.ஐ' என்று இருந்தது. கொம்ப்ரெஸருக்கு அடுத்து வந்தது.

இந்த இரண்டு கார்களையும் நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு வேறு வண்டிகளை வைத்துச் சண்டை போடுகிறார்கள். இங்கே வண்டி ஒன்றே. இன்ஜின் அளவும் ஒன்றே, 1.8 லிட்டர். கொம்ப்ரெஸரில் 184 குதிரைத்திறன், சி.ஜி.ஐ-யிலும் அதே 184. கொம்ப்ரெஸரின் இழுவை 250 நியூட்டன் மீட்டர். அது முழுதாகக் கிடைப்பது 2,800-லிருந்து 5,000 ஆர்.பி.எம் வரை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு டர்போவை வைத்த சி.ஜி.ஐ-யில் 270, அதுவும் 1,800-லிருந்தே. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் முறையும் சேர்ந்துகொண்டது, பெட்ரோல் செலவும் குறைந்தது.

ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது: நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் அடியில் கொம்ப்ரெஸர்தான் இதமாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் டர்போ அதை அநாயாசமாக மிஞ்சியது. அந்தத் தயக்கம் இருந்தது, ஆனால் என் டீசல் காரில் இருந்த தூக்கம் இல்லை, ஒரு கண் சிமிட்டல். டர்போக்கள் சின்னதாகி, சக்கரங்கள் லேசாகி, கம்ப்யூட்டர் புகையை அளந்து விடத் தொடங்கிய பிறகு பழைய குறையில் பெரும்பகுதி போய்விட்டது. சூப்பர்சார்ஜரின் குறை மட்டும் போகவில்லை. துருத்திக்காரனுக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். புகைக்கட்டுப்பாடும் மைலேஜும் பார்க்கிற காலத்தில் அந்தச் சோறு கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பி.எம்.டபிள்யூ-வின் மினி கூப்பர் எஸ் காரும் இதே பாதையில்தான் போனது. முதலில் சூப்பர்சார்ஜர், 2007 மாடலிலிருந்து டர்போ.

கடைசியாக ஒரு முயற்சி நடந்தது. அது நடந்த இடம் நம் ஒரகடம்! நிஸான் மைக்ராவில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குட்டி சூப்பர்சார்ஜர் வைத்தார்கள். தேவைப்படாதபோது கிளட்ச் போட்டு அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஏற்பாடு. வேலை இல்லாத நேரத்தில் துருத்திக்காரனுக்குச் சோறு இல்லை! 98 குதிரைத்திறன், கிலோமீட்டருக்கு வெறும் 95 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. 2011-ல் ஐரோப்பாவுக்கு அறிமுகமானது. ஐரோப்பாவில் விற்ற அந்தத் தலைமுறை மைக்ராக்கள் ஒரகடத்தில் தயாராகி, எண்ணூரில் கப்பலேறின. நமக்கு மட்டும் விற்கவில்லை. அன்றாடம் ஓட்ட ஏற்ற சூப்பர்சார்ஜர் கார் ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கிளம்பி லண்டன்காரருக்குப் போயிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சரி, நமக்குக் கிடைப்பதில் எது? ஷோரூமில் இரண்டு சாய்ஸ். டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல். அல்லது, ஏறத்தாழ ஒரு லட்சம் கூடக் கொடுத்தால் 1 லிட்டர் டர்போ பெட்ரோல். நம் ஊரில் குட்டி டர்போக்கள் இவ்வளவு வந்ததற்கு வரிதான் பெரிய காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசி-க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு. இன்ஜினைப் பெரிதாக்க வழியில்லை. ஆகவே காற்றைத் திணி.

என் வீட்டுக்காரர் சாதாரண இன்ஜின் கட்சி. "ஒரு லட்சம் ரூபாய்க்கு எத்தனை வருஷம் பெட்ரோல் போடலாம் தெரியுமா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் வேலைக்குப் போகும் தூரம் ஆறு கிலோமீட்டர், சமதளம், சிக்னல். அவருக்கு டர்போ வெட்டிச் செலவு என்று நானும் சொல்வேன். இன்ஜின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். ஆனால் நான் ஓட்டுவது அவர் ரோட்டில் இல்லையே.

என் பக்கம் தராசைச் சாய்த்தது வேறொரு விஷயம்: உயரம். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கோத்தகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்று குறைவு. ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. சாதாரண இன்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே கணக்கில் குறையும். ஏற்றம் கூடக் கூட இன்ஜினுக்கு மூச்சும் வாங்கும். என் மாமியாரைப் போல. சூப்பர்சார்ஜரும் இதில் முழுசாக உதவாது. பெல்ட் எத்தனை சுற்று கொடுக்கிறதோ அத்தனைதான் தள்ளும். உறிஞ்சுகிற காற்று மெலிந்தால் தள்ளுகிற காற்றும் மெலிந்ததுதான். டர்போ மட்டும்தான் 'காற்று போதவில்லையா, இன்னும் வேகமாகச் சுற்றுகிறேன்' என்று ஈடுகட்டும்.

இதை 1918-லேயே நிரூபித்திருக்கிறார்கள். விமானங்களுக்காக. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மோஸ் என்ற இன்ஜினீயர், லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் உச்சியில் 230 தான் கொடுத்தது. டர்போவை மாட்டினார். 356 வந்தது. கீழே கொடுத்ததைவிட ஆறு கூடுதல். எனக்கு எந்த ஷோரூம்காரரும் சொல்லாத இந்தக் கணக்கை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "சரி, டெஸ்ட் டிரைவ் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்று இறங்கி வந்தார்.

டெஸ்ட் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூம்காரர்கள் நம்மைக் காலியான காரில், அகலமான ரோட்டில், ஒரு கிலோமீட்டர் ஓட்டிக்காட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். விடாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் வழக்கமாக ஏறுவீர்களோ அத்தனை பேரும் ஏறுங்கள். ஏ.சி-யைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு மேம்பாலமோ ஏற்றமோ கண்டுபிடியுங்கள். செகண்ட் கியரில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்து, பின்னால் வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு, அழுத்துங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். 'ஒன்று' சொல்லி முடிப்பதற்குள் கார் இழுத்தால் நல்ல டர்போ. 'இரண்டு' வரை போனால் மலைக்கு வேண்டாம். நான் மாமியார், மகன், வீட்டுக்காரர் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் முன்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவம்.

அப்புறம், விளம்பரத் தாளில் குதிரைத்திறன் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் டார்க் வரியைப் படியுங்கள். உதாரணத்துக்கு ஹூண்டாய் வென்யூ. சாதாரண 1.2 பெட்ரோலில் சுமார் 114 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 4,000 ஆர்.பி.எம்மில். 1 லிட்டர் டர்போவில் 172, கிடைப்பது 1,500-லிருந்து 4,000 வரை. கோத்தகிரி ரோட்டில் யாரும் 4,000-ல் ஓட்டிக்கொண்டே இருப்பதில்லை. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எலெக்ட்ரிக் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வாங்கியிருக்கலாம். அதில் துருத்தியும் இல்லை, புகையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இறங்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பியும் கிடைக்கும். நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டில் சார்ஜர் வைக்கச் சங்கத்தில் சம்மதம் வாங்குவதற்குள் எனக்கு அடுத்த டிரான்ஸ்ஃபர் வந்துவிடும்.

இதற்கு நடுவில் அண்ணன் மகன் ஒரு யோசனையோடு வந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். அறைச் சுவரில் கவாஸாகி நிஞ்சா எச்2 படம். சூப்பர்சார்ஜர் வைத்த பைக் அது. "அத்தை, எதுக்குப் புதுக் கார்? சாதா பெட்ரோல் காரை வாங்குங்க, ஆன்லைன்ல சூப்பர்சார்ஜர் கிட் வருது, நானே மாட்டித் தர்றேன்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். காற்றைத் திணித்தால் அழுத்தம் கூடும். அதைத் தாங்க பிஸ்டன் முதல் ஹெட் கேஸ்கட் வரை அதற்கேற்ற மாதிரி செய்திருக்க வேண்டும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், தீப்பொறி விழும் நேரம் மாற வேண்டும், கம்ப்யூட்டரைத் திருப்பி எழுத வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் நாக் அடித்து பிஸ்டன் ஓட்டையாகும். "இத்தனையும் சரியா செஞ்சாலும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்குடா. கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. நாளைக்கு அத்தை வண்டி எங்கயாவது மோதுச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் பானெட்டத் தொறந்து பாத்துட்டு கையக் கட்டிக்குவான்." பையன் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "எச்2-ல மட்டும் கம்பெனியே வெச்சிருக்காங்களே?" "ஆமா, கம்பெனி வெச்சிருக்கு. நீ கம்பெனி ஆரம்பிச்சா நீயும் வெச்சுக்க."

டர்போ பெட்ரோல்தான் வாங்கினேன். ஆட்டோமேட்டிக் கியரோடு. அதுவும் அண்ணன் சொன்னதுதான்: டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில், கிளம்பும்போது இன்ஜினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டுத்தான் சக்கரத்துக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் டர்போ விழித்துக்கொள்ளும். மேனுவல் வேண்டுமென்பவர்கள் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து ஆர்.பி.எம்மைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் போய் யோசிக்கக் கூடாது.

எட்டு மாதமாக ஓட்டுகிறேன். மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள், கேட்டால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று சொல்வேன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பழைய டீசலிடம் நிற்கவே முடியாது. மாதச் செலவு கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் அதை ஒரு நோட்டில் எழுதிவருகிறார், எதற்கென்று எனக்குத் தெரியும். ஆனால் அதே வளைவில், அதே பஸ், அதே மாதிரி முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. நின்று, காலை வைக்கிறேன், கார் ஏறுகிறது. பாய்வதும் இல்லை, சொணங்குவதும் இல்லை. குஞ்சப்பனையில் பலாப்பழக் காலத்தில் யானைகள் ரோட்டோரம் வந்து நிற்கும். முன்னால் போன வண்டிகள் வரிசையாக நின்று, ஃபாரஸ்ட்காரர் கை காட்டியதும் ஒவ்வொன்றாக ஏற்றத்தில் எடுத்துப் போக வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் உருளாமல், முன்னால் குதிக்காமல் கிளம்புகிற வண்டியின் மதிப்பை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

பராமரிப்புக்கு அண்ணன் சொன்னது மூன்றுதான். இன்ஜின் ஆயில் தேதி தவறக் கூடாது, கம்பெனி சொன்ன கிரேடுதான் போட வேண்டும். அத்தனை வேகத்தில் சுற்றும் தண்டுக்கு அந்த ஆயில்தான் மெத்தை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தக் கூடாது. மூன்றாவது, ஏற்றம் ஏறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். சிவக்கக் காய்ந்த டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென்று நின்றால், தங்கிய ஆயில் கருகிவிடும். இறங்கி வந்து காரமடையில் நிறுத்தும்போது இது தேவையில்லை, வழியெல்லாம் ஆறிக்கொண்டேதான் வருகிறது.

எங்கள் கிளை ஏற்றம் முடிகிற இடத்திலேயே இருக்கிறது. தினமும் காலையில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி டிபன் பையையும் சால்வையையும் எடுத்து வைப்பேன். முதல் வாரம் செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். "மேடம், வண்டி ஆஃப் பண்ண மறந்துட்டீங்க." விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். போன வாரம் ஒரு டீத்தோட்டக்காரர் பெரிய டீசல் வண்டியில் சர்ரென்று ஏறிவந்து, நிறுத்தி, சாவியைத் திருகப் போனார். "ஒரு நிமிஷங்க" என்று குரல் வந்தது. செக்யூரிட்டி அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.